நீலப்பூ கர்ட்டன் போட்ட வேன்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நான் சொந்தமாக வாங்கிய ஒரே நான்கு சக்கர வண்டியை, அதன் ஜன்னல் கர்ட்டனைப் பார்த்து வாங்கினேன்.

வேறு யாராவது இதைச் செய்திருந்தால் பாவம் என்று விட்டுவிடலாம். நான் செய்தது மன்னிக்கத்தக்கதல்ல. கோலார் தங்கவயலில் உள்ள கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தவன் நான். அடுத்தவன் வைத்த வெல்டில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும், அதற்குத்தான் சம்பளம். புல்டோசருக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு அங்குலமாகப் பார்ப்பேன். வெல்டர்கள் எனக்கு வைத்திருந்த பெயரை அச்சில் ஏற்ற முடியாது. அப்படிப்பட்டவன் தன் சொந்த வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. காரணம், அன்றைக்கு வெள்ளை பேன்ட் போட்டிருந்தேன்.

வேன் யாருக்காக என்பதைச் சொன்னால்தான் கதை நகரும். என் மாமனாருக்காக.

அவர் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். தங்கக்கல்லை வெட்டியெடுத்த இடத்தில் மேல்பாறை இடிந்து விழாதபடி மரத்தூண்களை முட்டுக் கொடுத்து நிறுத்துவது அவர் வேலை. முப்பது வருஷம் அதைச் செய்துவிட்டு, கொஞ்சம் பென்ஷனும் நுரையீரல் நிறையக் கல்தூசியுமாக வெளியே வந்தார். மாமியார் போன பிறகு தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் இருந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு, எங்கள் தொழிற்சாலை குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். பத்தடி நடந்தால் இருமல். இருமல் வந்தால் மூச்சு போகும். போன மூச்சு திரும்பி வருவதற்குள் எங்கள் மூச்சும் போய்விடும். மருத்துவர் கொடுத்த மூச்சு மருந்து பம்ப் ஒன்றை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பாள் என் மனைவி.

சுரங்கத்தை மூடிய வருஷம் அது. ஒரு நாள் சாயங்காலம் மாமனார் நாற்காலியில் சாய்ந்தபடி, யாரிடமும் சொல்லாதவர் போலச் சொன்னார்.

“கீழ பம்ப்பெல்லாம் நிறுத்திட்டாங்களாம். தண்ணி ஏறிகினு வருதாம். நாங்க வேல செஞ்ச எடம் கடல் மட்டத்துக்கும் கீழன்னு தொரைங்க சொல்லுவாங்க. முப்பது வருசம் கடலுக்குக் கீழயே இருந்துட்டு, மேல இருந்து அது எப்டி இருக்கும்னு பாக்கவே இல்ல பாரு.”

உண்மைதான். ஊருக்கே கோரமண்டல் என்று கடற்கரையின் பெயரை வைத்துக்கொண்டு, கடலைக் காணாமல் எழுபது வயதைத் தொட்டிருந்தார்.

மனைவி மருத்துவரிடம் கேட்டாள். “கூட்டிப் போவதாக இருந்தால் மார்கழிப் பனி இறங்குவதற்குள் போய் வந்துவிடுங்கள். அடுத்த குளிரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்” என்றார் அவர். வீட்டுக்கு வந்து அவள் சமையலறையில் வெகுநேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த பாத்திரங்களையே மறுபடி தேய்த்தாள்.

ரயில் என்றால் பங்காருப்பேட்டையில் வண்டி மாற வேண்டும். அந்த மேம்பாலப் படியை அவரால் ஏற முடியாது. பஸ்ஸில் நெரிசல். வாடகைக் காரில் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தாழ்ந்த சீட்டில் முழங்கால் மடங்கி உட்கார்ந்ததிலேயே அவருக்கு மூச்சு முட்டியது. இந்த நேரம் பார்த்து, எடைக்கு வாங்கிய பழைய பத்திரிகை ஒன்றில் நான் ஒரு கட்டுரை படித்தேன். வெளிநாடுகளில் வேனுக்குள் கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிறார்களாம். படங்கள் வேறு. எனக்கு வந்த கேடுகளில் முக்கால்வாசி படிப்பால் வந்தவை.

“அந்த மாதிரி ஒரு பழைய வேன் வாங்கிவிட்டால் மாமா சாய்ந்துகொண்டே வரலாம். இருமல் வந்தால் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம்” என்றேன்.

“வாங்கறதுக்கு?” என்றாள் மனைவி.

“சொசைட்டி லோன்.”

“ஓட்டறதுக்கு?”

“எனக்கு லைசென்ஸ் இருக்கிறது.”

லைசென்ஸ் இருக்கிறது என்பதை அவளும் அறிவாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பதையும் அறிவாள்.

அப்படி ஒரு வேன் தங்கவயலிலேயே இருந்ததுதான் விதி. அங்கே பாலகாட் என்ற பகுதியில் ஒரு பழைய பங்களாவில், சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையரான ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய டீசல் வேன் ஒன்றை வாங்கி, தன் கையாலேயே அதை ஒரு குட்டி வீடாக மாற்றியிருந்தார். இப்போது ஆஸ்திரேலியாவில் மகளிடம் போய்ச் சேரப் போகிறார். வேனை விற்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் போனோம். வசதியான ஆள் என்று தெரிந்தால்தான் மதித்துப் பேசுவார் என்று நான் வெள்ளை பேன்ட் போட்டுக்கொண்டேன். விலையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சப் போகிறவன் போட வேண்டிய உடை அதுவல்ல என்பது எனக்குத் தோன்றவில்லை.

வேனைப் பார்த்ததும் நான் விழுந்தேன். ஜன்னல்களுக்கு வெள்ளைத் துணியில் சிறு சிறு நீலப்பூ போட்ட கர்ட்டன்கள், மடிப்பு கலையாமல், பித்தளை வளையங்களில் தொங்கின. உள்ளே இரும்புக் குழாய்க் கால்கள் வைத்த கட்டில், அடுப்பு மேடை, கைப்பம்ப் வைத்த சின்ன சிங்க். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கூரை வரை ஒரு மர அலமாரி.

“கர்ட்டன் என் மிஸஸ் தச்சது மேன். போன வருசம் போய்ட்டா” என்றார் பெரியவர். பிறகு அலமாரியைக் காட்டினார். “இதால முன்னால இருக்கறவனுக்குப் பின்னால நடக்கறது தெரியாது. எஞ்சின் சத்தத்துல கத்தினாலும் கேக்காது. ஏதாச்சும் வேணும்னா இந்தப் பலகையில தட்டணும். புரிஞ்சுதா?”

“புரிந்தது” என்றேன். நான் கர்ட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி அதற்குள் தட்ட ஆரம்பித்திருந்தாள்.

இதை விளக்க வேண்டும். சுரங்கத்தில் ஷிப்ட் தொடங்கும்போது டிம்பர்மேன் முதலில் ஒரு கம்பியால் மேல்பாறையைத் தட்டிக் கேட்பாராம். ‘டங்’ என்று பதில் வந்தால் பாறை கெட்டி. ‘பொத்’ என்றால் உள்ளே பிளவு விட்டிருக்கிறது, தள்ளி நில். மாமனாருக்கு இது வேலை முடிந்த பிறகும் விடவில்லை, மகளுக்கும் தொற்றிவிட்டது. எங்கள் வீட்டில் சுவர், கதவு, பலாப்பழம், புதுப் பானை, எல்லாம் தட்டப்பட்ட பிறகுதான் ஏற்றுக்கொள்ளப்படும். நான் பெண் பார்க்கப் போன அன்று மாமனார் என் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி விரல் முட்டியால் வேனின் பக்கவாட்டைத் தட்டினாள். கதவைத் தட்டினாள். பிறகு உள்ளே ஏறிக் குனிந்து, ரப்பர் விரிப்புக்கு மேலேயே தரையைத் தட்டிக்கொண்டு போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். மறுபடி தட்டினாள்.

“ன்னாங்க, இங்க பேச மாட்டேங்குது.”

“அது பிளைவுட்” என்றேன் தணிந்த குரலில். “பிளைவுட் பேசாது. மானத்தை வாங்காதே.”

“தகரத்துமேல பிளைவுட் போட்டேன்” என்றார் பெரியவர். “அடியில நான் பாத்து ரொம்ப நாள் ஆச்சு. நீயே படுத்துப் பாத்துக்கோ மேன். கோணி தரட்டா?”

கோணியைப் பார்த்தேன். பேன்ட்டைப் பார்த்தேன். “நான் இன்ஸ்பெக்‌ஷன் ஆள். மேலே பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்” என்றேன்.

அவர் கேட்டது என் கையில் இருந்ததைவிட ஏழாயிரம் அதிகம். நான் இழுத்துப் பேசிக்கொண்டிருந்தபோது கேட் அருகே ஒரு மொபெட் வந்து நின்றது. பங்காருப்பேட்டையில் ஹோட்டல் வைத்திருப்பவராம்; வேனை நடமாடும் இட்லிக் கடையாக ஆக்கும் யோசனையில் வந்திருந்தார். இவர் வாங்கிவிட்டால் மார்கழிக்குள் நான் வேறு எங்கே போய்த் தேடுவேன்? மாமனாரிடம் என்ன சொல்வேன்? அவர் காலையில் நாங்கள் கிளம்பும்போது, கேட்காதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “டயர பாத்து வாங்குங்க மாப்ள” என்று சொல்லியனுப்பியிருந்தார். அவர் ஆசைப்பட்டுப் பேசி நான் கேட்டதே, கடலைப் பற்றி ஒன்று, இது ஒன்று என்று இரண்டு முறைதான்.

ஹோட்டல்காரர் கர்ட்டனை ஏறிட்டும் பார்க்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டி, கோணியை வாங்கி விரித்து, வேனுக்கு அடியில் போய்விட்டார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஐந்து நிமிஷம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தார். தலையிலிருந்த துருவைத் தட்டினார்.

“நமக்கு வேணாங்க” என்று சொல்லிவிட்டு மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

புத்தியுள்ளவன் அங்கே என்ன செய்வான்? நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். போட்டிக்கு ஆள் இல்லை என்றானதும் பெரியவர் இறங்கிவந்தார். என் கையிலிருந்ததையே வாங்கிக்கொண்டார். “அடியில மட்டும் ஒரு வாட்டி பாத்துடு மேன்” என்று சாவியைக் கொடுக்கும்போதும் சொன்னார். அவர் மனசு மாறுவதற்குள் நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

நேராகக் கடலுக்குப் போக வேண்டாம், முதலில் அருகிலுள்ள பூதிகோட்டை வரை ஒரு டிரயல் போய் வருவோம் என்று அடுத்த ஞாயிறு காலையில் புறப்பட்டோம். மாமனார் வெள்ளை வேட்டி கட்டி, ஷேவ் செய்து, ஒரு மணி நேரம் முன்னதாகவே தயாராகி உட்கார்ந்திருந்தார். பின்பக்கமாக ஏற்றிக் கட்டிலில் மூன்று தலையணை வைத்துச் சாய்த்தோம். உட்கார்ந்த உடனே கைத்தடியால் தரையைத் தட்டினார். அதே இடம்.

“மாப்ள, இதுக்குக் கீழ ஒண்ணுமில்லயே.”

“மாமா, இது பாறை இல்லை. வண்டி.”

“தாங்கறது எல்லாம் ஒண்ணுதான் மாப்ள.”

“நான் செக் பண்ணிட்டேன் மாமா.”

இன்றுவரை என் வாயிலிருந்து வந்த பொய்களில் அதுதான் விலையதிகம். மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். துணிப்பையைக் கட்டில் சட்டத்தில் மாட்டினாள். நான் முன்னால் போய் ஏறினேன்.

முதல் அரைமணி நேரம் அருமையாகப் போனது. ராகிக் கொல்லைகள், தக்காளித் தோட்டங்கள், எதிரே யாரும் இல்லாத ரோடு. பக்கக் கண்ணாடியில் நீலப்பூ கர்ட்டன் ஒன்று வெளியே பறப்பது தெரிந்தது. நானும் அந்தக் கட்டுரையின் படத்துக்குள் வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ரோடு ஓர் ஏரிக்கரை மேல் ஏறியது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு. அகலம் இரண்டு வண்டி உரசாமல் தாண்டத்தான் காணும். ஏறும்போது ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கித் தூக்கிப் போட்டது. பின்னால் ஏதோ சத்தம். அலமாரியில் பாத்திரம் சரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக்.

அந்தச் சத்தத்தைத் திருமணமான நாள் முதல் கேட்டு வருகிறேன். தகப்பனும் மகளுமாகப் பின்னால் உட்கார்ந்து என் அலமாரியைச் சோதிக்கிறார்கள், அடுத்து இது சரியில்லை என்பார்கள், வேனின் ஒவ்வொரு பலகையாகக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே கடல் வரை வருவார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டொக் டொக் டொக் டொக். இன்னும் பலமாக. எவ்வளவு வேண்டுமானாலும் தட்டுங்கள் என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன்.

கரையின் மறுகோடியில் ஒரு பஸ் ஏறி வந்தது. ஒதுங்க இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் டிரைவர் நட்டநடு ரோட்டில் நிறுத்தி, ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டு, கன்னடத்தில் கத்தினார். “ரீ! காடி கெளகெ பெங்கி! நில்லிஸ்ரீ!”

பெங்கி என்றால் நெருப்பு. வண்டிக்கு அடியில் நெருப்பு, நிறுத்து என்கிறார். பிரேக்கின் மேல் ஏறி நின்றேன்.

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. பின்கதவைத் திறந்தேன். கட்டிலுக்குக் கீழே தரை இல்லை. பிளைவுட் பிளந்து, அதற்கடியில் பொடிப்பொடியாக உதிர்ந்த தகரத்தைத் தாண்டி, தார் ரோடு தெரிந்தது. கட்டிலின் ஒரு குழாய்க்கால் ஓட்டை வழியே கீழே இறங்கி, ரோட்டில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. நெருப்புப் பொறி அதிலிருந்து பறந்ததுதான். கட்டில் முழுதாகச் சரியவில்லை. ஏனென்றால் அலமாரியின் தட்டுப்பலகை ஒன்றைப் பிடுங்கி ஓட்டைக்குக் குறுக்கே போட்டு, அதன்மேல் கைத்தடியை நிறுத்தி, கட்டில் சட்டத்துக்கு யாரோ முட்டுக் கொடுத்திருந்தார்கள். யாரோ என்ன? அந்த வண்டியில் அந்த வேலை தெரிந்தவர் ஒருவர்தான்.

அவர் மூலையில், கெட்டியான தரையில், மகளின் தோளில் சாய்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் போல ஒரு சத்தம் வந்தது. வெளியே விடும் சத்தம் வரவே இல்லை.

“பை” என்றாள் மனைவி.

“எந்தப் பை?”

“மருந்துப் பை. ஓட்டையில வுழுந்துடுச்சு. அப்பலேருந்துதான் தட்றோம்.”

அப்போதிருந்து. வந்த வழியே திரும்பி ஓடினேன்.

தேட வேண்டிய வழி ரோட்டிலேயே எழுதியிருந்தது. இரும்புக்கால் தார்மேல் கிழித்த வெள்ளைக் கோடு, நான் வந்த பாதை முழுக்க, வளைந்த இடத்தில் வளைந்து, நேரான இடத்தில் நேராக. இந்தக் கோடு தொடங்கும் இடத்தில்தான் பை விழுந்திருக்க வேண்டும். நான் ஓட ஓடக் கோடு போய்க்கொண்டே இருந்தது. அடுத்தவன் வேலையில் மயிரிழை கீறலுக்கு வட்டம் போட்டவன், என் கீறல் எங்கே முடியும் என்று தெரியாமல் அதன்மேலேயே ஓடினேன். ஓரிடத்தில் கோடு ஆழமாக இருந்தது. நான் கோபப்பட்டு வேகமெடுத்த இடம் அது.

இதற்குள் பஸ் என் வேனை உரசாமல் தாண்டி, பின்னாலேயே வந்தது. என்னைக் கடந்து முன்னால் போனது. அதன் சக்கரம் அந்தப் பைமேல் ஏறினால் முடிந்தது. கையை ஆட்டினேன், கத்தினேன்; டிரைவர் தனக்கு நன்றி சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் கையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கரை தொடங்கும் பள்ளத்தருகே அந்தப் பை கிடந்தது. பஸ்ஸின் டயர்த்தடம் அதற்கு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. உள்ளே பம்ப் உடையாமல் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். அன்றுவரை இருபது வருஷமாக நான் எதற்காகவும் ஓடியதில்லை. வேன் அதே இடத்தில் சின்னதாகத் தெரிந்தது. நான் ஓட ஓட அது பெரிதாக மறுத்தது.

மனைவி பம்ப்பைப் பிடுங்கி அவர் வாயில் வைத்து அழுத்தினாள். ஒன்று. காத்திருந்தாள். இரண்டு. ஏரியில் காற்று அடித்து, அலைகள் கரைக்கல்லில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் மார்பையே பார்த்தேன். இப்போது எதையும் தட்டிப் பார்க்க முடியாது. அந்த மார்பு மறுபடி தாழ எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. விசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரப்பாக மாறியது. உதட்டில் கறுப்பு திரும்பியது. அவர் உதடு எப்போதும் கறுப்புதான்.

மனைவி என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். “தட்னது கேக்கலியா?”

“கேட்டது.”

“அப்பறம்?”

“வழக்கம்போலத் தட்டுகிறீர்கள் என்று...”

அவள் பம்ப்பைத் துணிப்பையில் போட்டு, பையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

மாமனார் கண்ணைத் திறந்து முதலில் தான் முட்டுக் கொடுத்திருந்த கைத்தடியைத்தான் பார்த்தார். “புடுங்காதீங்க” என்றார். “மொதல்ல வெயிட்ட எறக்கணும்.”

அரைமணி கழித்து எங்களை எதிரே வந்த தக்காளி லாரி ஒன்று மீட்டது. டிரைவர் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா சார் இது, தரையே இல்லாத வண்டியில பெரியவர ஏத்திகினு வந்திருக்கீங்க?” என்று கேட்டார். நல்ல கேள்வி. நானும் அவருமாக மாமனாரைத் தூக்கி லாரியின் முன்சீட்டில் உட்கார வைத்தோம்; மனைவி பக்கத்தில் உட்கார, நான் எஞ்சின் பெட்டிமேல் ஒண்டிக்கொண்டேன். எனக்குப் பயம், படுக்க வசதியில்லையே, வழியில் மறுபடி வந்துவிட்டால்?

வரவில்லை. லாரி சீட் உயரம். கால் தொங்கிற்று, முதுகு நேராக நின்றது, ஜன்னல் காற்று முகத்திலேயே அடித்தது. கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டும்போது அவர் ஒரு முறைகூட இருமியிருக்கவில்லை என்பதை மனைவிதான் கவனித்துச் சொன்னாள். அவர் முன்னாலிருந்த தகரத்தை விரலால் தட்டினார். டங்.

“கெட்டி” என்றார். பிறகு டிரைவரிடம், “இந்தத் தக்காளி எங்க போவுது?”

“மெட்ராஸுக்கு, பெரியவரே. வாரத்துல மூணு நட போறேன்.”

“அங்க கடல் கீதில்ல?”

“நான் அங்க தக்காளி கொண்டுபோய்ப் போட்டதில்ல, ஆனா கீது.”

மாமனார் மகளைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். சொசைட்டி லோனில் இன்னும் நாற்பத்தேழு தவணை பாக்கி இருந்தது.

பத்து நாள் கழித்து, மருத்துவரையும் கேட்டுக்கொண்டு, புது பம்ப் இரண்டு வாங்கிக்கொண்டு, அவர் அந்த லாரியிலேயே கடலுக்குப் போனார். முன்சீட்டில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. யாரைக் கூட்டிப் போவது என்று அவர் யோசிக்கவே இல்லை. நான் தலையணைகளைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போனேன். பங்காருப்பேட்டை மேம்பாலத்தில் ஏறும்போது எனக்கே மூச்சு வாங்கியது.

மறுநாள் காலையில் நான் காத்திருந்த கடற்கரைக்கு, மெட்ராஸ் மார்க்கெட்டிலிருந்து தகப்பனும் மகளும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கடற்கரைச் சுவர் ஒன்றில் அவரை உட்கார வைத்தோம். வெயில் இன்னும் ஏறவில்லை. அவர் கடலைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை கூத்துக்கும் அது பதில் சொல்லுமா என்று.

“எப்படி இருக்கு மாமா?”

கைத்தடியால் மணலை இரண்டு முறை தட்டினார். சத்தமே வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

“இம்மாந் தண்ணி வந்துகினே கீது” என்றார் கவலையாக. “ஒரு பம்ப்பு கூடப் போடலியே.”

ஆனால் எழுந்துவர மறுத்துவிட்டார். ஆட்டோக்காரர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனார். மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

வேனை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து குவார்ட்டர்ஸ் பின்னால் நிறுத்தினோம். பிறகு அது பழைய இரும்பாகக் கிலோ கணக்கில் போயிற்று. போவதற்கு முன் மனைவி உள்ளே ஏறி, கெட்டியான இடமாகத் தட்டிப் பார்த்துக் கால் வைத்து, கர்ட்டன்களைக் கழற்றிக்கொண்டாள். துவைத்து, எங்கள் முன்னறை ஜன்னலில் மாட்டினாள். அளவு சரியாக இருந்தது.

ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும் முன் அந்தப் பெரியவர் விடைபெற்றுக்கொள்ள வந்தார். வேனில் கடல் பார்த்தீர்களா என்று கேட்பாரே என்று நான் நெளிந்துகொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தார். கிட்டப்போய், பூவை விரலால் தடவினார்.

“கர்ட்டன்தான் வேணும்னு சொல்லியிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே மேன்” என்றார்.